வட்டக்காரர்

"கொடுங்க இப்படி" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் மூக்கிலிருந்த கண்ணாடி அவர் கைக்குப் போய்விட்டிருக்கும். வாயால் ஓர் ஊது. சட்டைப் பையிலிருந்து வரும் மஞ்சள் துணியால் இந்தப் பக்கம் இரண்டு சுற்று, அந்தப் பக்கம் இரண்டு சுற்று. பிறகு வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்து, காலை ஆட்டிப் பார்ப்பார், கண்ணாடியின் காலைத்தான். "ஸ்க்ரூ லூசா இருக்கு" என்று உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வார். வங்கியில் வேலை செய்யும் ஒருவர் இதற்காக அவரோடு ஒரு மாதம் பேசாமல் இருந்தார். மற்றவர்கள் பேனா வைக்கும் இடத்தில் இவர் சின்னத் திருப்புளி வைத்திருப்பார். அதை எடுத்து ஒரு முறுக்கு முறுக்கி, கண்ணாடியை மறுபடி உங்கள் மூக்கில் உட்கார வைத்த பிறகுதான் நீங்கள் கேட்க வந்ததைக் கேட்கலாம்.

கடைத்தெருவில் பஸ் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே உள்ள மூக்குக் கண்ணாடிக் கடையில் அவருக்கு முப்பத்துநாலு வருட வேலை. கடை வேறொருவருடையது. லென்ஸை ஃபிரேமுக்குத் தகுந்த மாதிரி தேய்த்துப் பொருத்துவது இவர் பொறுப்பு. கடையின் பின்பாதியில், படிக்கட்டுக்கு அடியில், தேய்க்கும் மெஷினும் ஒரு முக்காலியும் போட்ட இடம் அவருடைய ராஜ்ஜியம். வயது அறுபத்திரண்டு. விரல் நுனிகளில் ரேகை தேய்ந்து வழவழவென்றிருக்கும். "என் கைநாட்டை எந்த மெஷினும் ஏத்துக்காது. நான் திருடினாலும் கண்டுபிடிக்க முடியாது" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஆட்களின் பெயர் அவர் மனதில் நிற்பதே இல்லை, பவர்தான் நிற்கும். "மைனஸ் ஆறு வந்தாரா? ஃபிரேம் ரெடின்னு சொல்லுங்க" என்பார். இஸ்திரிக் கடைக்காரர் அவருக்குப் பிளஸ் இரண்டு. மருந்துக்கடையில் நிற்கும் பெண் மைனஸ் ஒன்றேகால். "ஒண்ணேகாலுக்குக் கண்ணு மட்டும்தான் ஒண்ணேகால், வாய் பதினஞ்சு" என்று ஒருநாள் சொல்லிவிட்டு, அவள் பின்னாலேயே நிற்பதைப் பார்த்து மெஷினுக்கு அடியில் எதையோ தேடப் போய்விட்டார்.

இதெல்லாம் சரி. யாரும் பொறுத்துக்கொள்வார்கள். பொறுக்க முடியாதது அவர் கேட்கும் கேள்வி.

புதுக் கண்ணாடியைப் போட்டு, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, எல்லாம் முடிந்து ஆள் கிளம்பும் நேரத்தில் முன்னால் வந்து நிற்பார். "கடைசியா ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. இருட்டினப்புறம் லைட்டைப் பார்த்தா, அதைச் சுத்தி வட்டம் தெரியுதா? கலர் கலரா?"

இல்லை என்று உடனே சொன்னவர்கள் பிழைத்தார்கள். "அப்பப்ப..." என்று இழுத்தவர் தொலைந்தார். கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு அடியில் இழுத்துப் போவார். அங்கே ஒரு பல்பு தொங்கும். திரையை இழுத்துவிட்டு, "கட்டைவிரலால பல்பை மறைங்க. இப்ப வட்டம் இருக்கா, போயிடுச்சா?" என்று கேட்பார். போயிடுச்சு என்றால் ஒரு துண்டுக் காகிதத்தில் கண் ஆஸ்பத்திரியின் விலாசத்தை எழுதி, அடியில் 'இன்றே' என்று எழுதி, அதற்கு இரண்டு கோடும் போட்டுக் கையில் திணிப்பார். "நாளைக்குப் போறேனே" என்று சொன்ன ஒரு அம்மாளின் புதுக் கண்ணாடியைப் பிடுங்கி மேஜை டிராயரில் போட்டுப் பூட்டியும் இருக்கிறார். "போயிட்டு வந்து வாங்கிக்குங்க."

முதலாளி வயதில் சின்னவர். தலையில் அடித்துக்கொள்வார். "அண்ணே, இது கண்ணாடிக் கடை. வர்றவங்களையெல்லாம் இப்படி மிரட்டினா எதிர்க்கடைக்காரன் நமக்கு மாலை போடுவான்."

"போடட்டும்" என்பார் இவர். அத்தோடு பேச்சு முடிந்தது.

போன வருடம் ஒரு பஸ் டிரைவர், மைனஸ் இரண்டு, பை நிறையப் பழங்களோடு வந்தார். துண்டுச் சீட்டு வாங்கிக்கொண்டு போனவர்களில் ஒருவர். கண்ணில் பிரஷர் இருந்ததாம், நேரத்தோடு வந்ததால் தப்பித்ததாம். "ரெண்டு கண்ணையும் காப்பாத்திக் குடுத்தீங்க, சார்" என்று இவருடைய கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நம் ஆள் என்ன செய்யவேண்டும்? சந்தோஷப்படவேண்டும், இல்லையா? கையை உருவிக்கொண்டு உள்ளே போனார், மெஷினைப் போட்டார். சக்கரம் கர்ரென்று சுற்றியது. பிடியில் லென்ஸே இல்லை. டிரைவர் பழப்பையை மேஜையில் வைத்துவிட்டு, சத்தத்தோடு போட்டி போட்டு நாலு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வெறும் சக்கரம் ஏன் சுற்றியது என்று தெரியவேண்டுமானால், அவருக்கு வட்டக்காரர் என்ற பட்டம் எப்படி வந்தது என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், உடைந்த லென்ஸ் துண்டு ஒன்று வெயில் பட்டுச் சுவரில் வர்ணங்களை இறைத்தது. அப்போது கண்ணாடிக்கு வந்திருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், நிலாவைச் சுற்றி வட்டம் கட்டுகிறதே, அதுவும் இதே வேலைதான், மேலே உயரத்து மேகத்தில் இருக்கும் பனிக்கட்டித் துகள்கள் செய்கிற வேலை என்று சொல்லிவிட்டுப் போனார். வாத்தியார் போய்விட்டார். இவர் மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து இருபத்தெட்டு வருடம், வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் மொட்டைமாடிக்குப் போய்வருவார். "மேல ஐஸ் தூள் மிதக்குது. ஒவ்வொண்ணும் ஒரு லென்ஸு. ஆறு பக்கமும் சுத்தமா தேய்ச்சது. தேய்ச்சவன் யாருன்னுதான் தெரியலை, தெரிஞ்சா வேலைக்குச் சேர்ந்துடுவேன்."

நீல அட்டை போட்ட நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தார். வட்டம் தெரிந்த நாளெல்லாம் அதில் ஒரு வட்டம் விழும். நிலாவை ஒட்டினாற்போல் வரும் சின்ன வட்டத்துக்கு ஒரு நாணயத்தை வைத்துச் சுற்றிலும் பென்சில் ஓட்டுவார். தள்ளி நிற்கும் பெரிய வட்டத்துக்கு ஒரு பழைய லென்ஸ். கையை நீட்டி விரல்களை விரித்து, கட்டைவிரலை நிலா மேல் வைத்தால் சுண்டுவிரல் போய்த் தொடும் இடத்தில் பெரிய வட்டம் நிற்கும். எப்போதும் அதே ஒரு சாண். அதற்கு உள்விளிம்பில் லேசாகச் சிவப்பு ஓடும். ஒருமுறை நிலாவுக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு வெளிச்சப் பொட்டு வந்து நின்றது. "நிலா கம்மல் போட்டிருக்கு" என்று மாடியிலிருந்து கத்தி, தெருவையே கூட்டிவிட்டார். இன்னொருமுறை எழும்பி வரும் நிலாவின் தலைக்கு மேல் கம்பம் நட்டது மாதிரி வெளிச்சம் நின்றது. அதற்கு நோட்டில் முழுப் பக்கம்.

பார்ப்பதற்கும் ஒரு வழி சொல்லிக்கொடுப்பார். "நிலா கண்ணைக் கூசும். அதைக் கட்டைவிரலால மறைச்சுக்கோங்க. அப்பத்தான் வட்டம் பளிச்சுனு தெரியும்." நோட்டின் முதல் பக்கத்திலேயே இதை எழுதி வைத்திருந்தார்: நிலாவை மறைத்தாலும் வட்டம் மறையாது.

தெருக்காரர்கள் வட்டக்காரர் என்றார்கள். அவர் மனைவிக்குப் பட்டமெல்லாம் போதவில்லை. "எனக்கு முந்தியே ஒருத்தியைக் கட்டியிருக்காருங்க. மூத்தவ. மேல குடியிருக்கா. தினமும் எட்டிப் பார்த்துட்டுத்தான் எங்கிட்ட வருவாரு" என்று மாவரைக்கப் போகிற இடத்தில் சொல்லிச் சிரிப்பாள். பள்ளிச் சீருடை தைக்கிற கடைக்கு வீட்டிலிருந்தே காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். ஒரு நாளைக்கு நூற்றைம்பது பொத்தான் துளை. ஊசியில் நூல் கோப்பதற்கு அவள் பார்க்கக்கூட வேண்டியதில்லை என்பார்கள். கணவனின் நிலாவைப் பார்க்க அவளுக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை. இத்தனை வருடத்தில் நாலு தடவை மாடிக்கு இழுத்துப் போயிருப்பார். நாலு தடவையும் "சாதம் குழையுது" என்று இறங்கி வந்துவிட்டாள்.

அப்படிப்பட்டவள் ஒருநாள் மாலை, கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போன இடத்திலிருந்து கூப்பிட்டாள்.

"என்னங்க! இன்னிக்கு வட்டம் போட்டிருக்கு!"

படி படியாகவா ஏறினார்? தாண்டித் தாண்டி ஏறினார். மேலே போய்ப் பார்த்தால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் கிடையாது.

"எங்கே?"

"இதோ இருக்கே. கண்ணு முன்னாடி. வானவில்லு மாதிரி."

அவர் வானத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தார். இல்லை, விளையாட்டுக்கூட இல்லை. நம் மனம் குளிரட்டும் என்று இட்டுக்கட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தார். இத்தனை வருடம் கழித்தாவது வழிக்கு வந்தாளே என்று உச்சி குளிர்ந்துபோனது. இப்போது அதைச் சொல்லும்போது, "எனக்கு அன்னிக்கு அவ்வளவு சந்தோஷம்" என்பார். சந்தோஷம் என்ற சொல்லை அவர் அப்படிச் சொல்லிக் கேட்டால் அடுத்த கேள்வி கேட்கத் தோன்றாது.

நோட்டில் அவளுக்கென்று சிவப்புப் பென்சில் வந்தது. அவள் சொன்ன வட்டங்களை அதில் போட்டார். ஏழு மாதத்தில் பதினோரு வட்டம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி, நேரம், ஒரு வரி கேலி. இரண்டாவது வட்டத்துக்கு: 'உள்ளே நீலம், வெளியே சிவப்பாம். தலைகீழாகச் சொல்கிறாள். திருத்தினேன்.' நாலாவதற்கு: 'தெருவிளக்குக்கும் வட்டமாம். பனியாக இருக்கும்.' ஆறாவதற்கு: 'வட்டம் வந்தால் தலைவலியும் கூடவே வருகிறதாம். சக்களத்தியைப் பார்த்தால் வராதா? தூங்கி எழுந்தால் சரியாகிவிடும்.' எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் நாலே நாள். ஒன்பதுக்கும் பத்துக்கும் இரண்டு.

பத்தாவது வட்டத்தன்று அவள் ஒரு சந்தேகம் கேட்டாள். அவர் சொல்லிக்கொடுத்தபடியே கையை நீட்டிக் கட்டைவிரலால் நிலாவை மறைத்துக்கொண்டு நின்றவள், விரலை எடுத்து, மறுபடி வைத்து, மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"நீங்க சொன்ன மாதிரி இல்லியே. நிலாவை மறைச்சா வட்டமும் சேர்ந்து போயிடுதுங்க."

அவர் சிரித்தார். சும்மா சிரிக்கவில்லை, தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும்மா. நிலாவை மறைச்சா வட்டம் எங்கே போகும்? உன் முந்தானையிலயா?" அவள் துணிக்கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நோட்டில் எழுதினார்: 'நிலாவை மறைத்தால் வட்டமும் போகிறதாம். சிரித்தேன்.'

பதினோராவது வட்டம் போட்ட மூன்றாம் நாள் மாலை அவளுக்கு இடதுபக்கத் தலை பிளந்தது. வாந்தி எடுத்தாள். இடது கண் செக்கச்செவேல் என்று சிவந்து, பார்வை மங்கியிருந்தது. தலைவலிதானே என்று மாத்திரை கொடுத்து, வெளிச்சம் பட்டால் தூக்கம் வராது என்று விளக்கையெல்லாம் அணைத்து, கதவைச் சாத்தி, அவள் தலைமாட்டில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துவிட்டார். விடிந்தபோது அவளால் இடது கண்ணால் அவர் கையைக்கூடப் பார்க்க முடியவில்லை.  ஆட்டோ பிடித்தார்.

கண் ஆஸ்பத்திரியில் வலது கண்ணைக் காப்பாற்றிவிட்டார்கள். கண்ணுக்குள் ஊறும் நீர் வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறியிருக்கிறது. வலது கண்ணில் லேசர் ஒளியை வைத்தே ஊசிமுனையளவு ஒரு துளை போட்டு வழி செய்தார்கள். இடது கண்ணுக்கும் அதையே செய்தார்கள், காலம் கடந்து.

டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மாள், கண்டிப்பானவர். இவர் மனைவி பக்கத்து நாற்காலியில் கண்ணில் மருந்து விட்டுக்கொண்டு, மூடிய கண்ணோடு சாய்ந்திருந்தாள். தூங்குகிறாள் என்றே இவர் நினைத்தார். டாக்டர் கேட்டார்: "எவ்வளவு நாளா இப்படி இருக்கு? லைட்டைச் சுத்தி வட்டம் தெரியுதுன்னு எப்பவாவது சொன்னாங்களா?"

இந்தக் கேள்விக்கு ஊரில் யாராலும் சரியாகப் பதில் சொல்ல முடியாது. 'ரொம்ப நாளாவா, கொஞ்ச நாளாவா, தெரியலையே' என்றுதான் சொல்வார்கள். இவர் ஒருவரால் முடிந்தது. மறுநாள் நோட்டைக் கொண்டுபோய் மேஜை மேல் வைத்தார். டாக்டர் சிவப்பு வட்டங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பத்தாவதில் விரல் நின்றது.

"வானத்துல இருக்கற வட்டம்னா நிலாவை மறைச்சாலும் இருக்கும். கண்ணுல இருக்கறதுன்னா, வெளிச்சத்தை மறைச்சதும் போயிடும்" என்றார். மறுபடி முதல் சிவப்பு வட்டத்துக்குப் புரட்டினார். பிறகு, "தேதி, நேரம், நிறம், தலைவலி, எல்லாம் எழுதியிருக்கீங்க. நாங்க எழுதற கேஸ் ஷீட்டுலகூட இவ்வளவு தெளிவா இருக்காது. ஏன் கூட்டிட்டு வரலை?"

நாற்காலியில் அவள் முன்தினம் போலவே கண் மூடிச் சாய்ந்திருந்தாள். இவர் நோட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். பதில் என்று ஒன்று இருந்திருந்தால் அவர் இந்த ஐந்து வருடத்தில் யாரிடமாவது சொல்லியிருப்பார். வந்தவர்களுக்கெல்லாம் கண்ணாடி பொருத்திக் கொடுக்கிற மனிதன்! ஊரார் கண்ணாடியில் தூசி இருந்தால் பிடுங்கித் துடைக்கிறவன்! தன் வீட்டுக் கண்ணில் இருந்த வட்டத்தை வானத்தில் தேடிக்கொண்டிருந்தான் என்று அவரே தன்னைத் திட்டிக்கொள்வார், மெஷின் ஓடும்போது, யாருக்கும் கேட்காது என்ற நினைப்பில்.

அன்றோடு மாடி நின்றது. நோட்டை ஒரு பழைய ஃபிரேம் டப்பாவில் போட்டு, நூல் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார். மாலையில் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்காருவார். வட்டக்காரருக்கு வயசாயிடுச்சு, நிலாப் பைத்தியம் தெளிஞ்சிடுச்சு என்று தெருக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். பெயர் மட்டும் தெளியவில்லை. அதை அவர்கள் விடவும் இல்லை.

அவள் காஜா எடுப்பதை விட்டுவிட்டாள். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபட நாளாயிற்று. டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவாள், இடதுபக்கக் கதவில் தோளை இடித்துக்கொள்வாள். அதனால் தெருவில் போகும்போது அவர் எப்போதும் அவளுக்கு இடதுபக்கம்தான். யாராவது நடுவில் புகுந்தால் சுற்றிக்கொண்டு ஓடிப்போய் மறுபடி அதே பக்கம் வந்து நிற்பார். வலது கண்ணுக்குத் தினமும் இரண்டு வேளை சொட்டு மருந்து. எட்டு மணிக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போதே பாட்டிலோடு நிற்பார்.

"மருந்து எங்கேயும் ஓடிப்போயிடாது. வாயில இருக்கறதை முழுங்க விடுங்க" என்பாள் அவள்.

"முழுங்கிக்கிட்டே மேல பாரு."

அவளிடம் டாக்டர் சொன்னதை அவர் சொல்லவேயில்லை. வயசானா வர்றதுதான் என்று அக்கம்பக்கத்தில் அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். விட்டுவிட்டார் என்றா சொல்வது? ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுத்து, சொட்டு மருந்து பாட்டிலின் மூடியைத் திருகி மூடினார். அந்த வலது கண்ணும் ஒருநாள் மங்கினால் என்ன செய்வது என்ற பயம் வேறு. இருக்கிற ஒன்று அது. கடையில் வருகிறவர்களிடம் கேட்கிற கேள்வியை அவளிடம் மட்டும் கேட்க அவருக்கு நா எழவில்லை.

சென்ற மாதம், பௌர்ணமிக்கு இரண்டு நாள் முந்தி, மாலை ஏழரை இருக்கும். அவர் கீழே அடுக்களையில் தண்ணீர் பாட்டிலை அலம்பிக்கொண்டிருந்தார். மேலிருந்து அவள் குரல் வந்தது.

"என்னங்க! வட்டம்! வட்டம் போட்டிருக்குங்க!"

பாட்டில் தொட்டிக்குள் விழுந்தது. ஐந்து வருடத்துக்கு முன்னால் தாண்டித் தாண்டி ஏறிய அதே படிகள். இந்தத் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.  மாடியில் அவள் கைப்பிடிச் சுவரோரம் முகத்தை நிமிர்த்தி நின்றாள். பக்கத்து மாடியில் யார் யாரோ நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன பேசினார்கள் என்பது அவர் காதில் ஏறவில்லை.

தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்திருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். வானத்தைப் பார்த்து ஏமாந்த மனிதர் இன்னொரு தடவை அதை நம்பத் தயாராக இல்லை. நேரே அவளிடம் போனார். அவளுடைய வலது கையைப் பிடித்து நீட்டினார். மற்ற விரல்களை மடக்கி, கட்டைவிரலை மட்டும் நிமிர்த்திவிட்டார். வளையல் அழுந்தும்படி மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"நிலாவை மறை."

"எதுக்கு இப்படி அழுத்திப் பிடிக்கறீங்க?"

"மறைம்மா. மறைச்சிட்டியா?"

"மறைச்சிட்டேன்."

"வட்டம் இருக்கா?"

அவள் ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள்.

"இருக்கு" என்றாள்.

"நல்லாப் பாரு. நிலா மறைஞ்சுதா?"

"மறைஞ்சிடுச்சுங்க. வட்டம் அப்படியே நிக்குது. பெரிசா. உள்ள சிவப்பு. நீங்க சொல்ற மாதிரியே உள்ளதான் சிவப்பு. போதுமா?"

அவர் மூச்சு விட்டது பக்கத்து மாடி வரைக்கும் கேட்டிருக்கும். விட்டார், ஆனால் அவள் கையை விடவில்லை.

"அன்னிக்கு நீ வேற மாதிரி சொன்னே" என்றார். "மறைச்சா வட்டமும் போயிடுதுன்னு சொன்னே. நான்..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"டாக்டரம்மா உங்ககிட்ட சொன்னது. கண்ணுலதானே மருந்து விட்டிருந்தாங்க. காது நல்லாத்தான் கேட்டுது."

பக்கத்து மாடியில் யாரோ செல்போனில் படம் பிடிக்க முயன்று, வட்டம் விழவில்லை என்று அலுத்துக்கொண்டார்கள்.

"அஞ்சு வருஷமாத் தெரியுமா? ஏன் ஒரு வார்த்தை கேக்கலை?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பார்த்தேன்."

  அவள் கட்டைவிரலுக்குப் பின்னாலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள்.

"கண்ணு போனதுக்கு உங்களை நான் ஒண்ணும் சொல்லலை. உங்களுக்கும்தான் தெரியாதே. அன்னிக்கு அந்தத் தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு சிரிச்சீங்க பாருங்க. அதுதான் இன்னும் மறக்க மாட்டேங்குது."

அவர் தண்ணீர்த் தொட்டியைத் திரும்பிப் பார்த்தார். அது அங்கேயேதான் இருந்தது.

"நீங்களும் பாருங்களேன்" என்றாள் அவள். "எத்தனை வருஷம் கழிச்சு வந்திருக்கா உங்க மூத்தவ. பார்க்காமப் போனா வருத்தப்படுவா."

அவர் பார்க்கவில்லை.

"கை வலிக்குதுங்க. இறக்கட்டுமா?"

"கொஞ்ச நேரம்" என்றார் அவர். "இன்னொரு தடவை சொல்லு. இருக்கா?"

"இருக்கு."

கை வலிக்கிறது என்றாளே என்று, அவளுடைய முழங்கைக்கு அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டார். கட்டைவிரல் நிலாவை விட்டு நகராதபடி அப்படியே பிடித்துக்கொண்டு, அவளுடைய வலது கண்ணை மட்டும் பார்த்தபடி நின்றார்.